வெள்ளையாகவும் பூக்கும்



குளிர்நாடுகளில் புல்வெளி வைத்திருப்பவர்களிடம் டேன்டிலியன் என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுளிப்பார்கள். மஞ்சள் பூ ஒன்று தலைகாட்டினால் போதும், களைக்கொல்லியைத் தேடுவார்கள். நம் வரப்போரத்து வெட்டுக்காயப் பூண்டுக்குச் சொந்தம் அது. இரண்டுமே செவ்வந்திக் குடும்பம். டேன்டிலியனின் அரிய வகைகளைத் தேடிப்பிடித்து, தொட்டியில் வைத்துச் சீராட்டும் தோட்டக்காரர்களும் உண்டு. எனக்கு அவர்களை மிகவும் பிடித்திருக்கிறது.

மேற்கு ஜப்பானில், குறிப்பாகக் கியூஷு, ஷிகோகு தீவுகளில், வெள்ளை டேன்டிலியன் வளர்கிறது. ஷிரோபனா தம்போபோ என்பார்கள். நடுவில் மட்டும் மஞ்சள், சுற்றிலும் பால்வெள்ளை. தியான்ஷான் மலைப் பகுதியிலிருந்து வந்த இன்னொன்று வெளிறிய ரோஜா நிறம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மட்டும் 200க்கும் மேற்பட்ட நுண்ணினங்களைத் தாவரவியலாளர்கள் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள்.

இத்தனை வகை எப்படி வந்தது? பெரும்பாலான டேன்டிலியன்களுக்கு மகரந்தச் சேர்க்கையே தேவையில்லை. விதை தானாக உருவாகிறது. சேய்ச்செடி தாயின் அச்சு. எங்கோ ஒரு செடியில் தோன்றிய சிறு மாற்றம் கலப்பில் கரைந்துபோகாமல் தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. ஒரு ரோஜா வகையின் குணம் மாறாமலிருக்கப் பதியனும் ஒட்டும் போட வேண்டியிருக்கிறது. வெள்ளை டேன்டிலியனோ விதையிலேயே வெள்ளையைக் கொடுத்துவிடும்.

ஜப்பானின் பழைய மஞ்சள் வகைகள் சிலவற்றுக்கு அந்த வசதி இல்லை. டோக்கியோ பக்கத்துக் கான்டோ தம்போபோவுக்குத் துணைச்செடியும் வேண்டும், தேனீயும் வேண்டும். இரண்டும் இல்லாமலே விதை பிடிக்கும் ஐரோப்பிய வகை நகரங்களை நிரப்பிவிட்டது. பூவைத் திருப்பிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: அடியிலுள்ள பச்சைச் செதில்கள் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தால் ஐரோப்பியம், பூவோடு ஒட்டி நிமிர்ந்திருந்தால் உள்ளூர். இரண்டும் கலந்தவையும் இருப்பதால் இது முழுமுடிவான சோதனை அல்ல.

வளர்க்க விரும்புவோர் ஆழமான தொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஆணிவேர் நேரே இறங்கும். விதையை மண்ணின் மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும், மூடிப் புதைக்க வேண்டாம். நல்ல வெயில் இருக்கட்டும். மேகம் கவிந்தால் பூ மூடிக்கொள்ளும். பூ முடிந்தபின் காம்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். விதை முற்ற முற்ற அது முன்பைவிட உயரமாக நிமிர்ந்து, காற்றுக்காகக் காத்திருக்கும். அதற்குள் தலைகளைக் கிள்ளிவிடுங்கள். விதைக்கென விடும் தலைக்கு மட்டும் மெல்லிய துணிப்பை கட்டுங்கள். அயல்நாட்டு வகை வேலி தாண்டிப் போய்விடக் கூடாது, அந்தப் பொறுப்பு நம்முடையது.

குளிர்நாடுகளில் வாழும் நம் வாசகர்களில் யாராவது வெள்ளையோ ரோஜா நிறமோ வளர்த்தால், படத்தோடு எழுதுங்கள். அடுத்த இதழில் இடம் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்