வாழ்க்கை சத்திரமாம்! அதைப் பெருக்குவது யார்?

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம், மார்கழித் தரிசனம் வந்துவிட்டால் லாட்ஜுகளில் அறை கிடைக்காது. வந்தவர் தூங்குவார், வாளி தூக்கும் பையன் தூங்கமாட்டான். கடலூர் லாட்ஜுகளிலும் அவன் பாடு இதுவே. அவனுடைய உலகத்தைக் காட்டும் ஒரு படத்தைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்கிறது.

வங்க எழுத்தாளர் சங்கரின் 'சௌரங்கி' நாவல் 1962-ல் வெளிவந்தது. 1968-ல் பினாகி பூஷண் முகர்ஜி அதைப் படமாக்கினார். உத்தம் குமாரும் சுப்ரியா தேவியும் நடித்தார்கள். 2019-ல் ஸ்ரீஜித் முகர்ஜி அதே கதையை 'ஷாஜகான் ரீஜென்சி' என்று இந்தக் காலத்துக்கு மாற்றி எடுத்தார். கதை நடக்கும் இடம் கல்கத்தாவின் ஆடம்பர ஓட்டல்.

"வாழ்க்கையே ஓட்டல்தான்; வருவார்கள், போவார்கள், எல்லாம் விதி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பாராட்டுகிறார்கள் சில கனவான்கள். விதியா?

கதையைப் பாருங்கள். அகர்வாலா என்ற முதலாளி அந்த ஓட்டலில் நிரந்தரமாக அறை எடுத்திருக்கிறான். தன் வியாபாரத்துக்கு வேண்டிய பெரிய மனிதர்களை உபசரிக்க கரபி என்ற பெண்ணைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருக்கிறான். அவள் பக்ராஷி குடும்பத்துப் பிள்ளையை நேசிக்கிறாள். பிள்ளையின் தாய் ஊரறிந்த சமூக சேவகி. அதே ஓட்டலுக்கு ரகசியமாக வந்து போகிறவள்! ஆனாலும் குடும்ப கௌரவம் குறுக்கே நிற்கிறது. கரபி தற்கொலை செய்துகொள்கிறாள். சீமாட்டியின் கௌரவத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை.

சிதம்பரத்துக்காரர்களுக்கு இது புதிதா? பண்ணையில் உழைத்த நந்தன் தீயில் இறங்கித்தான் சந்நிதிக்குள் போக முடிந்தது என்று நமக்குச் சொல்லி வைத்தார்கள். அங்கே நெருப்பு, இங்கே தற்கொலை. எரிவது என்னவோ உழைக்கிறவர்கள்தான்!

சங்கரை நாம் குறை கூறவில்லை. துணி வெளுப்பவனையும் வரவேற்பு மேஜையில் நிற்பவனையும் மனிதர்களாக அவர் எழுதினார். நாவலின் முடிவில், கதை சொல்லும் ஊழியனுக்கே வேலை போகிறது; அவன் தன்னந்தனியாக வீதியில் நிற்கிறான். அந்தத் தனிமைதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம். அதை விதி தரவில்லை, முதலாளி தந்தான்.

ஓட்டல் தொழிலாளிக்கு வேலை நேரமும் விடுமுறையும் வரையறுக்கும் சட்டம் 1958-லேயே சென்னை ராஜ்யத்தில் வந்தது. சட்டம் தானாக மாடிப்படி ஏறி வராது. சங்கம்தான் அதைக் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டும்.

நெல்லிக்குப்பம் ஆலைத் தோழரே! காட்டுமன்னார்கோயில் வயலில் நாற்று நடும் தாயே! உங்கள் வீட்டுப் பிள்ளை ஏதோ ஓர் ஓட்டலில் எச்சில் தட்டு எடுக்கிறான். படத்தைப் பாருங்கள், கரபிக்காக அழுங்கள். பிறகு அந்தப் பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: "நீ சங்கத்தில் சேர்ந்தாயா?"