நொடிக்கணக்கை டெண்டரில் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கு,

ஆய்வகங்களில் உள்ள பழைய கணினிகளைக் கழித்துவிட்டு, எல்லா மாணவர்களுக்கும் தரவு மையத்திலிருந்தே வெர்ச்சுவல் டெஸ்க்டாப் வழங்கப்போகிறோம் என்ற செய்தியை வரவேற்கிறேன். ஆனால் டெண்டர் வரைவு எனக்குக் கவலை தருகிறது. எத்தனை பயனர், எத்தனை டெராபைட் என்றெல்லாம் அதில் இருக்கிறது. மாணவர் லாகின் செய்தால் எத்தனை நொடியில் வேலையைத் தொடங்கலாம் என்று ஓரிடத்திலும் இல்லை.

அலுவலகத்தில் ஊழியர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கணினியைத் திறப்பார்கள். ஆய்வகத்தில் மணி அடித்ததும் 60 பேர் ஒரே நேரத்தில் லாகின் செய்வார்கள். சர்வர் திணறுவது அந்த முதல் இரண்டு நிமிடங்களில்தான். நாள் முழுவதற்குமான சராசரியைப் பார்த்தால் அது கண்ணில் படாது. காரணம் சேமிப்பகம்தான்: நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஒரு ஹார்ட் டிஸ்க்கால் நொடிக்குச் சுமார் 80 முறைதான் சிதறிய தரவைப் படிக்கவோ எழுதவோ முடியும். அதன் கொள்ளளவு எத்தனை டெராபைட்டாக இருந்தாலும் இதுதான் நிலை. கல்யாண மண்டபம் எவ்வளவு பெரிதானால் என்ன, பந்திக்கு ஒரே வாசல் என்றால் கூட்டம் வெளியேதான் நிற்கும். ஆகவே எஸ்எஸ்டி கட்டாயம். முதல் வகுப்புக்கு அரைமணி முன்பே டெஸ்க்டாப்புகள் தாமாக இயங்கத் தொடங்கும்படியும் அமைக்க வேண்டும்.

எல்லோருக்கும் நான்கு பிராசஸர் கோர் கொடுத்தால் வேகம் கூடும் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். சர்வரில் உள்ள உண்மையான கோர்கள் போதாவிட்டால், ஒவ்வொரு டெஸ்க்டாப்பும் தன் முறைக்குக் காத்திருக்க நேரும். நிரலாக்க வகுப்புக்கு இரண்டு கோர் பெரும்பாலும் போதும். முப்பரிமாண வரைபடம் போடும் இயந்திரவியல் மாணவர்களுக்கு ஜிபியு வேண்டும். அவர்களைத் தனித் தொகுப்பில் வையுங்கள்.

எல்லா டெஸ்க்டாப்புகளுக்கும் நகலெடுக்கப்படும் மூல இமேஜைச் சுத்தமாக வைத்திருப்பதும் முக்கியம். ஆன்டிவைரஸ் எல்லா டெஸ்க்டாப்பையும் ஒரே நேரத்தில் ஸ்கேன் செய்தால் வகுப்பே நின்றுவிடும். மாணவரின் புரொஃபைலை ஒவ்வொரு லாகினிலும் நகலெடுக்கும் பழைய முறையும் வேண்டாம். எஃப்எஸ்லாஜிக்ஸ் போன்ற மென்பொருள் அதை ஒரு வட்டைப் போல அப்படியே இணைத்துவிடும்.

மூன்று மணி நேரச் செய்முறைத் தேர்வில் பத்து நிமிடம் சுழலும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு அந்த நேரத்தை யாரும் திருப்பித் தருவதில்லை. அதுவும் வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு இந்த ஆய்வகம்தான் எல்லாமே.

எனவே என் வேண்டுகோள்: டெண்டரை ஒரு பருவம் தள்ளிவையுங்கள். அதற்குள் ஒரு முன்னோட்டத்தை இயந்திரவியல் ஆய்வகத்தில் நடத்துங்கள், சுமை அதிகம் அங்கேதான். 60 மாணவர்கள் ஒன்றாக லாகின் செய்து, 45 நொடிக்குள் எல்லோருக்கும் திரை தயாராக வேண்டும்; ஒரு சர்வரை நிறுத்திவிட்டும் அதே சோதனையில் தேற வேண்டும். இந்த இரண்டையும் டெண்டரில் நிபந்தனையாக எழுதி, தேறிய பிறகே விற்பனையாளருக்கான கடைசித் தவணையை விடுவியுங்கள். சோதனையன்று மாணவர் பிரதிநிதிகளும் உடனிருந்து நேரத்தைக் குறிக்க அனுமதி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணினி ஆய்வகப் பொறுப்பாளர்