வெள்ளரிக்காய் வாசனை வீசும் மீன்!

மீன் என்றால் என்ன வாசனை அடிக்கும் என்று நமக்குத் தெரியும். வெள்ளரிக்காய் வாசனை அடிக்கும் மீனும் ஒன்று உண்டு!

அதன் பெயர் ஸ்மெல்ட். சுமார் ஒரு சாண் நீளம். வெள்ளி போல் மின்னும். இங்கிலாந்தில் தேம்ஸ் நதி கடலோடு கலக்கிறதே, அந்தக் கழிமுகத்தில் வாழ்கிறது. மாசி, பங்குனியில் கூட்டமாக ஆற்றில் ஏறும். லண்டன் நகருக்குள், வாண்ட்ஸ்வொர்த் பகுதிவரை வந்து முட்டையிடும். முட்டைகள் ஆற்றின் அடியில் சரளைக் கற்களில் ஒட்டிக்கொள்ளும்.

தேம்ஸ் தண்ணீர் பழுப்பாகத்தான் இருக்கும். அது வண்டல், அழுக்கு அல்ல. கண்ணால் பார்த்து நதியின் சுத்தத்தைச் சொல்ல முடியாது. ஸ்மெல்ட் சொல்லிவிடும்! சாக்கடை கலந்தால், அதைத் தின்னும் கிருமிகள் தண்ணீரில் உள்ள பிராணவாயுவையும் தீர்த்துவிடும். அப்போது முதலில் திணறும் மீன்களில் ஸ்மெல்ட்டும் ஒன்று.

1957-ல் தேம்ஸைச் செத்த ஆறு என்றே விஞ்ஞானிகள் சொன்னார்கள். பிறகு சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் நிலையங்களைச் சீர்படுத்தினார்கள். மீன்கள் திரும்பின. 1974-ல் சால்மன் மீனே வந்துவிட்டது!

ஆனாலும் ஒரு குறை. லண்டனின் பழைய குழாய்களில் மழைநீரும் சாக்கடையும் சேர்ந்தே ஓடுகின்றன. பெருமழை பெய்தால் குழாய் நிரம்பி, எல்லாம் ஆற்றில் கொட்டும். 2011 ஜூனில் அப்படிக் கொட்டியது. ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன.

அதைத் தடுக்கத்தான் 25 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெரிய சுரங்கம் தோண்டினார்கள். 2025-ல் எல்லா இணைப்பும் முடிந்தது. செலவு 400 கோடி பவுனுக்கு மேல்!

இத்தனை பணமா என்று சிலர் வாய் பிளக்கிறார்கள். செலவு நியாயமானதே. ஊரார் அழுக்கை ஊரார்தானே சுமக்க வேண்டும்? மீனா சுமக்கும்?

ஆனால், சுரங்கம் வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. சுரங்கம் லண்டனுக்கு மட்டும்தான். அதற்கு மேலே உள்ள ஊர்களின் சாக்கடையும் இதே ஆற்றுக்குத்தானே வருகிறது? அதற்கும் வழி செய்ய வேண்டும்.

இன்னொன்று. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, ஸ்மெல்ட் முட்டையிடும் இடத்தில் ஆற்றைத் தோண்டவோ தூண் இறக்கவோ கூடாது. கலங்கிய வண்டல் முட்டைகளை மூடிவிடும். பாலம் மூன்று மாதம் தாமதமானால் ஒன்றும் குடி முழுகிவிடாது. முட்டை புதைந்தால், அந்த வருஷத்துக் குஞ்சுகள் போச்சு!