இரவில் வரும் இருமல்

கற்பிட்டி தொடக்கம் சிலாபம் வரையுள்ள கடலோர ஊர்களில் நடுநிசி இருமல் புதுமையன்று. வீட்டிலே வாலிபர் ஒருவர் வாரக்கணக்காக இரவில் இருமினால், “கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை” என்கின்றோம். மூச்சு முட்டினால் தொய்வு என்கின்றோம். உடம்பு மெலிந்தாலோ சயரோகமென்று அஞ்சுகின்றோம். இவை தவிர வேறொரு காரணமும் இருக்கக்கூடும். அதனையே இவ்வாரம் ஆராயப் புகுகின்றோம்.

1940ஆம் ஆண்டில், அந்நாளைய சென்னை மாகாணத்து மதனப்பள்ளியிலிருந்த சயரோக வைத்தியசாலையில், பிரிமொத்-மொல்லர், பார்ட்டன் என்னும் வைத்தியர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். சயரோகிகள் போலத் தோன்றிய சிலரிடம் அந்நோய்க் கிருமி இல்லை. குருதியிலோ இயோசினோபில் என்னும் வெண்கலங்கள் மிதமிஞ்சியிருந்தன. 1943இல் வைன்கார்ட்டன் என்பார் இதற்கு ‘வெப்பவலய இயோசினோபிலியா’ எனப் பெயரிட்டார். 1960இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள், இந்நோயாளரின் சுவாசப்பை இழையத்திலே யானைக்கால் நோய்ப் புழுவின் குஞ்சுகளைக் கண்டறிந்தனர். மர்மம் துலங்கிற்று.

யானைக்கால் நோயை நுளம்பு பரப்புவதை யாவரும் அறிவோம். புழுவின் குஞ்சுகள் பகலில் உட்குருதிக் குழாய்களில் ஒளிந்திருந்து, இரவிலே மேற்குருதிக்கு வருவன. ஆகவேதான் சுகாதாரப் பகுதியினர் இரவில் வந்து விரல்நுனியில் குருதி எடுக்கின்றனர். ஆனால் மிகச் சிலருடைய உடம்பு அக்குஞ்சுகளைச் சிறிதும் பொறுப்பதில்லை. அவற்றைச் சுவாசப்பையிலேயே மறித்து அழிக்க முனைகின்றது. அந்த ஒவ்வாமைப் போரின் விளைவே இருமலும் இளைப்பும். வழக்கமாக ஒரு கன மில்லிமீற்றருக்கு 500க்கு உட்பட்டிருக்கும் இயோசினோபில் கலங்கள், இந்நோயில் 3,000க்கும் மேற்படுகின்றன.

நாட்டில் இந்நோய் எத்துணைப் பேருக்கு உண்டு என்று மாணவர் வினவலாம். புழுத் தொற்றுடையோரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே இது காணப்படும் என்பது வைத்திய நூலோர் மதிப்பீடு. ஆயினும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. குஞ்சுகள் சுவாசப்பையிலேயே அழிக்கப்படுவதால், இந்நோயாளரின் இரவுக் குருதியில் அவை பெரும்பாலும் அகப்படுவதில்லை. ஊரையே கணக்கெடுக்கும் இரவுச் சோதனை, இவரை மட்டும் சுகதேகியென எழுதிவிட்டுப் போகும்! தொய்வுக்காரர் கணக்கிலோ சயரோகச் சந்தேகத்திலோ அவர் மறைந்துபோவார்.

இலங்கையில் யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் 1947இல் தொடங்கியது. நோய் நிலவிய எட்டு மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. பொச்சுமட்டை ஊறும் குழிகளும் தேங்கிய கழிவுநீரும் நுளம்புக்குத் தாய்வீடல்லவா? 2002 முதல் 2006 வரை அம்மாவட்டங்களில் ஆண்டுதோறும் மக்களுக்கு மருந்து வழங்கப்பட்டது. 2016இல், இந்நோய் இந்நாட்டில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்ததென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இது நாம் பெருமை கொள்ளத்தக்க சாதனையே.

எனினும் பிரச்சினை ஒழிந்ததென்பது புழு அறவே அற்றுப்போனதென்று பொருள்படாது. நாற்பது ஆண்டுகளாகக் காணப்படாதிருந்த புரூகியா என்னும் புழுவினம் மீண்டும் தலைகாட்டியுள்ளது. நாய், பூனைகளிடத்தும் அவ்வகைப் புழு உண்டு. விலங்குகளின் புழுவாலும் இவ்விருமல் உண்டாகலாம் என்பதை 1958இலேயே பக்லி என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். நோய் அரிதாகும்போது அதனை நினைப்போரும் அரிதாகிவிடுவர் என்பதே நம் கவலை.

ஆதலின் இரவு இருமல் வாரக்கணக்கில் நீடித்தால், முதலில் சளியைச் சோதிப்பித்துச் சயரோகம் இல்லையென உறுதி செய்க. அத்துடன் குருதிக் கலங்களின் எண்ணிக்கையையும் பார்க்கும்படி வைத்தியரை வேண்டுக. இயோசினோபில் மிகுதிக்குக் குடற்புழு முதலிய வேறு காரணங்களும் உள. ஆகையால் அவரே தீர்மானிக்க வேண்டும். இந்நோயேயெனத் தெளிந்தால் டைஎதில்கார்பமசீன் என்னும் மருந்து ஏறக்குறைய மூன்று வாரங்களில் பெரும்பாலோரைக் குணப்படுத்தும். இளைப்புக்கு மாத்திரம் மருந்துண்டு காலங் கடத்தினாலோ, சுவாசப்பை தழும்பேறி இறுகி, மீளாக் கேட்டில் முடியலாம்.

எளிய குருதிச் சோதனை ஒன்று. அதனைக் கேட்டுப் பெறுவோமாக!