தாலி கட்டினால் போதுமா?

சங்ககிரிப் பக்கத்தில் கொங்கு வேளாளர் வீட்டுக் கல்யாணத்தை அருமைக்காரர் முன்னின்று நடத்துவார். மாப்பிள்ளையின் சகோதரிக்கு இணைச்சீர் நடக்கும். தாலி ஏறியதும் ஊரே சாட்சி!

ஜப்பானில் எப்படி? அந்நாட்டு ஷிண்டோ கோவில் முறைப்படி, மணமக்கள் மூன்று கிண்ணங்களில் அரிசி மதுவை மும்மூன்று மடக்காகப் பருகுவார்கள். ஆனால் சட்டத்துக்கு அது போதாது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட படிவத்தை நகராட்சி அலுவலகத்தில் கொடுத்த பிறகுதான் அவர்கள் கணவன், மனைவி.

பிலிப்பைன்ஸ் நாட்டுக் கிறிஸ்தவர் கல்யாணத்தில், மாப்பிள்ளை பெண்ணின் கையில் 13 காசுகளைக் கொடுப்பது வழக்கம். அதற்கு முன்பே அரசாங்க லைசென்சு வாங்க வேண்டும். ஆட்சேபம் உண்டா என்று அறிய, 10 நாள் பலகையில் அறிவிப்பு ஒட்டி வைப்பார்கள்.

நமக்கும் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி, கல்யாணத்தை 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். தவறினால், கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் அவகாசம் உண்டு.

பதியாவிட்டால் தாலி செல்லாமல் போய்விடாது. ஆனால் கணவன் கைவிட்டாலோ, காலமானாலோ, "நான்தான் மனைவி" என்று பெண் நிரூபிக்க வேண்டி வரும். அன்று சாட்சி சொல்லப் பெரியவர்கள் இருப்பார்களா? பதிவுச் சான்று இருக்கும்.

பந்தல் பிரித்த கையோடு பதிவு அலுவலகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். உங்கள் பெண்ணுக்கு அதுவும் ஒரு சீர்தான்!