நாலாவது ஆள்

திருநின்றவூர் பெருமாள் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? சென்ட்ரலில் அரக்கோணம் மார்க்கத்தில் போகும் ரயிலில் ஏறினால், ஆவடி தாண்டியதும் சற்று நேரத்தில் ஊர் வந்துவிடும். அந்தக் கோயிலில் தாயாருக்கு ‘என்னைப் பெற்ற தாயார்’ என்று பெயர். வைகுண்டத்தை விட்டு வந்து இங்கே நின்றுவிட்ட திருமகளை, திரும்பி வரும்படி கெஞ்சியபோது சமுத்திர ராஜன் அப்படி அழைத்தானாம். சமுத்திர ராஜன் யார்? அவளுடைய தகப்பன்! பெற்ற தகப்பனே மகளைப் பார்த்து, “என்னைப் பெற்ற தாயே!” என்கிறான்.

இந்தக் கதை எனக்கு இப்போது ஞாபகம் வந்ததற்குக் காரணம் உண்டு.

எங்கள் தெருவில், நாலு வீடு தள்ளி இருக்கும் ஒரு பெண்மணி போன வாரம் கண் கலங்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நல்ல மார்க். “நர்ஸுக்குத்தான் படிப்பேன்” என்று பெண் ஒற்றைக் காலில் நிற்கிறது. தகப்பனாரோ, “ஊரான் அழுக்கை வாரிக் கொட்டுகிற வேலை என் பெண்ணுக்கு வேண்டாம். ராத்திரி டியூட்டிக்குப் போகிற பெண்ணை எவன் கட்டுவான்?” என்று முடிவாகச் சொல்லிவிட்டார். விண்ணப்பம் கையெழுத்தாகாமல் பீரோவில் கிடக்கிறது.

“அக்கா, நீங்கதான் அவர்கிட்டே ஒரு வார்த்தை சொல்லணும்” என்றாள்.

வாசகிகளே, உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்திருக்கலாம். ஆகவே அவரிடம் நான் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நம் வள்ளுவரையே எடுத்துக்கொள்வோம். ‘மருந்து’ என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில், வைத்தியம் என்பது நாலு பேர் சேர்ந்த காரியம் என்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து. நாலாவதாக, பக்கத்திலே இருந்து கவனிக்கிற ஆள். அவருக்கு ‘உழைச்செல்வான்’ என்று பெயரே கொடுத்திருக்கிறார். வடமொழியில் சரகரும் இதே நாலைத்தான் சொல்கிறார். அந்த நாலாவது ஆளுக்கு வேண்டிய குணங்களையும் அவர் வகுத்திருக்கிறார்: பணிவிடை செய்யும் முறை தெரிந்திருக்க வேண்டும், கை சாமர்த்தியம் வேண்டும், நோயாளியிடம் பிரியம் வேண்டும், சுத்தம் வேண்டும். பாருங்கள், பிரியம் மாத்திரம் போதும் என்று அவர் சொல்லவில்லை. முறை தெரிய வேண்டும் என்பதைத்தான் முதலில் வைத்தார்.

சீமையிலும் ஒரு காலத்தில் இது கௌரவமில்லாத வேலைதான். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1820-ல் பிறந்த பணக்கார வீட்டுப் பெண். நர்ஸாகப் போகிறேன் என்றதும் அந்த வீட்டிலும் இதே ரகளைதான்! 1854-ல் கிரிமியா யுத்தத்தின்போது 38 பெண்களை அழைத்துக்கொண்டு ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே சிப்பாய்கள் குண்டடியால் செத்ததைவிடக் காலராவாலும் பேதியாலும் விஷ ஜுரத்தாலும் செத்ததுதான் அதிகம். காரணம், அடைத்துக்கொண்ட சாக்கடை, காற்றோட்டமில்லாத அறை, நெரிசல். மறு வருஷம் சுகாதாரக் கமிஷன் வந்து சாக்கடையைச் சீர்படுத்திய பிறகுதான் சாவு வெகுவாகக் குறைந்தது. விளக்கேந்திய சீமாட்டி என்று படம் போட்டு வைத்திருக்கிறோமே, அந்த அம்மாள் ஊர் திரும்பியதும் செய்த பெரிய வேலை, சாவுக் கணக்குகளைச் சேகரித்து வரைபடம் போட்டு மந்திரிகளுக்கு முன்னால் நீட்டியதுதான். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கென்று பள்ளிக்கூடம் ஏற்படச் செய்தார். நர்ஸ் வேலை மனசு இருந்தால் தானாக வருவதல்ல, படித்துத் தேற வேண்டிய தொழில் என்பது அப்போதிலிருந்து நிலைபெற்றது.

நமக்கும் அது வெகு காலம் கழித்து வரவில்லை. 1664-ல் கோட்டைக்குள்ளே சிப்பாய்களுக்காக ஆரம்பித்த ஆஸ்பத்திரிதான், இன்று சென்ட்ரல் எதிரே நிற்கும் நமது பெரியாஸ்பத்திரி. அங்கே 1871-லேயே நர்ஸ் பயிற்சி தொடங்கிவிட்டது. திருநின்றவூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி ரோட்டைக் கடந்தால் அந்த இடம்!

ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கட்டர் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். உடம்பு சரியில்லாத தாயாரைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்திருந்த இளம் பெண். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிகளைக் காப்பாற்றும்படி கேட்டார்கள். அவளோ டாக்டர் இல்லை. டாக்டரான அவளுடைய தகப்பனாரை, ஆண் என்பதால், அவர்கள் அழைத்துப் போக மறுத்தார்கள். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அவள் டாக்டருக்குப் படித்து, 1900-ல் திரும்பி வந்து வேலூரில் வைத்தியம் ஆரம்பித்தாள். 1909-ல் அங்கே நர்ஸ் பள்ளியும் ஏற்பட்டது. தன் ஒருத்தியால் முடியாது, நாலாவது ஆள் வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இந்தியாவில் நர்ஸ் தொழிலுக்குப் பட்டப் படிப்பு 1946-ல் முதன்முதலாக வந்தது வேலூரிலும் டில்லியிலும்தான்.

அப்படியும் ஆள் எங்கே கிடைத்தது? அதே 1946-ல் அறிக்கை கொடுத்த போர் கமிட்டி, அன்றைய இந்தியா முழுவதற்கும் சுமார் 7,000 நர்ஸ்களே இருந்ததாகச் சொன்னது. கௌரவமான குடும்பங்கள் பெண்களை அனுப்பவில்லை. தொட்டால் தீட்டு, ராத்திரி வெளியே தங்கினால் பேச்சு. நம் பக்கத்து வீட்டுக்காரர் இன்று சொல்வதும் அதுதானே?

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். “பெரியவங்க கதையெல்லாம் சரிக்கா” என்று மடக்கினார். உடனே அவருடைய கதையையே எடுத்தேன்.

போன வருஷம் அவர் நெஞ்சு வலியோடு சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தார். அந்த வார்டு நர்ஸ் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயதுகூட இராது. ஒவ்வொரு தடவை மாத்திரை கொடுக்க வரும்போதும், “உங்க பேர் என்ன ஐயா?” என்று கேட்டுவிட்டு, கையில் கட்டிய அட்டையைப் பார்ப்பாளாம். நாலாம் நாள் இவருக்குக் கோபம் வந்துவிட்டது. “தினம் தினம் பார்க்கிறே, என் பேர்கூடத் தெரியாதா?” என்று கத்தினார். அவள் சிரித்துக்கொண்டே மறுபடியும் கேட்டாள். அன்று சாயங்காலம் இவர் பெயரே கொண்ட இன்னொருவர் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தார். இனிஷியல்தான் வேறு. ராத்திரி மருந்துத் தட்டில் இருவருடைய மாத்திரைகளும் இடம் மாறியிருந்தன. பெயரையும் அட்டையையும் அவள் மறுபடி பார்த்ததால் தவறு கட்டிலுக்கு வருமுன் பிடிபட்டது.

சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த ஐந்தையும் பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது என்று முதல் வருஷமே சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குப் போகுமுன் கை கழுவுவது, டியூட்டி மாறும்போது ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் அடுத்தவளிடம் ஒப்படைப்பது, பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைப்பது, கேட்டதை வெளியே சொல்லாமலிருப்பது, எல்லாம் அந்தத் தொழிலின் தர்மம்.

அவர் பேசாமல் இருந்தார். “தம்பி, ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது அந்தப் பெண்ணை என்ன சொல்லிக் கும்பிட்டீர்கள்?” என்று கேட்டேன். அவர் மனைவிதான் பதில் சொன்னாள்: “தாயேன்னு சொன்னார்.”

மற்றவர் பெண் என்றால் தாய். தன் பெண் என்றால் அழுக்கு வாருகிறவள். இது என்ன நியாயம், சொல்லுங்கள்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெய்வம், தேவதை என்றெல்லாம் நர்ஸைப் புகழ்கிறோம். சம்பளம் என்று வந்தால், “சேவைதானே?” என்று கையைச் சுருக்குகிறோம். உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் அமைத்த குழு 2016-ல், 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரிகூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரை செய்தது. பரிந்துரை வேறு, கையில் வருவது வேறு. பெண்ணை இந்தத் தொழிலுக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கேட்கத் தயங்கக் கூடாது. படித்துத் தேறிய தொழிலுக்குக் கூலி கேட்பது பேராசை அல்ல.

அனுப்புமுன் ஒன்றைக் கவனியுங்கள். நம் மாகாணத்தில் நர்ஸ்களையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்ய 1926-லேயே சட்டம் வந்தது. 1947-ல் இந்தியா முழுமைக்கும் நர்ஸிங் கவுன்ஸில் சட்டம். 2023-ல் தேசிய ஆணையம் அமைக்கப் புதுச் சட்டமும் நிறைவேறியது. ஆறு மாசத்தில் நர்ஸ் ஆக்கிவிடுகிறோம் என்று போர்டு மாட்டியவர்களிடம் பணத்தைக் கட்டி ஏமாறாதீர்கள். டிப்ளமா மூன்று வருஷம், பட்டம் நாலு வருஷம். பள்ளிக்கு அங்கீகாரம் உண்டா, படித்து முடித்தால் தமிழ்நாடு நர்ஸ் கவுன்ஸிலில் பெயர் பதிவாகுமா, பழகுவதற்கு நோயாளிகள் நிறைந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டே சேருங்கள்.

முந்தாநாள் காலையில் அந்தப் பெண்மணி மறுபடி வந்தாள். பீரோவிலிருந்து விண்ணப்பம் வெளியே வந்துவிட்டதாம். கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டேன்.

“போட்டார் அக்கா. போட்டுட்டு, ராத்திரி டியூட்டி முடிஞ்சு வர்ற பொண்ணை ஸ்டேஷன்லேருந்து கூட்டிவர யாரு போறதுன்னு சத்தம் போட்டார்.”

“நீ என்ன சொன்னே?”

“நான் ஒண்ணும் சொல்லலே. சைக்கிளுக்குப் புது டயர் வாங்கப் போயிருக்கார்.”