"இன்னும் ஒரே ஒரு ஆட்டம், அத்தை!"

போன பள்ளி விடுமுறைக்குத் தாப்பாவுக்குப் போயிருந்தேன். வழக்கமாக வாசலில் காரை நிறுத்தும்போதே "அத்தை!" என்று ஓடி வருவான் என் அண்ணன் மகன். இந்த முறை வரவில்லை. அண்ணிதான் வந்து பையை வாங்கிக்கொண்டார். முகம் சரியில்லை.

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. அண்ணனின் இ-வாலட்டிலிருந்து மூன்று வாரங்களில் 410 வெள்ளி போயிருக்கிறது. பத்து, இருபது, முப்பது எனச் சின்னச் சின்னத் தொகைகள். எல்லாமே கைப்பேசி விளையாட்டு ஒன்றுக்கான டாப் ஆப். படிவம் ஒன்றில் படிக்கும் பையன் அப்பாவின் கடவு எண்ணைப் பார்த்து வைத்திருக்கிறான்.

அண்ணன் கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லோரி ஓட்டுநர். தாப்பாவிலிருந்து மேலே ஏறும் அந்த வளைவுப் பாதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நாம் சுற்றுலாவுக்குப் போய் வாந்தி எடுக்கும் அதே பாதையில் அவர் விடியற்காலையில் முட்டைகோஸோடு இறங்குகிறார். 410 வெள்ளி அவருக்குச் சின்னத் தொகை அல்ல. ஆனால் பணத்தைவிட அவரைச் சுட்டது வேறு. "கேட்டிருந்தா கொடுத்திருக்க மாட்டேனா?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கைப்பேசி பீரோவுக்குள் போய்விட்டது. பையன் அறையைவிட்டு வரவில்லை.

"நீதான் ரேடியோவுல ஊருக்கே பேசுறியே. இவன்கிட்டயும் கொஞ்சம் பேசு" என்றார் அண்ணன்.

பேசுவதற்கு முன், அண்ணனிடம் கெஞ்சிக் கைப்பேசியை வாங்கிக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். "ஏன் செஞ்சே?" என்று கேட்கவில்லை. "எப்படி விளையாடுறதுன்னு எனக்குக் காட்டு" என்றேன். சந்தேகமாகப் பார்த்தான். பிறகு ஆரம்பித்தான்.

அடுத்த ஒரு மணி நேரத்தில், ஒரே விளையாட்டுக்குள் இரண்டு விளையாட்டுகள் இருப்பதைப் பார்த்தேன்.

முதலாவது, அணி அணியாக மோதும் ஆட்டம். யார் முன்னால் நின்று அடி வாங்க வேண்டும், யார் பின்னாலிருந்து தாக்க வேண்டும், எப்போது பின்வாங்க வேண்டும் என்று எனக்கு வகுப்பே எடுத்தான். தோற்றபோது, "நான் முன்னாடியே போயிட்டேன், அதான் தப்பு" என்று அவனே காரணம் சொன்னான். கண்ணில் வெளிச்சம் இருந்தது.

இரண்டாவது, பரிசுப் பெட்டி. பணம் கொடுத்து வைரம் வாங்க வேண்டும். வைரம் கொடுத்துப் பெட்டி திறக்க வேண்டும். பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று தெரியாது. அவன் ஆசைப்பட்டது ஒரு வீரனின் உடை. 410 வெள்ளிக்கும் அது வரவில்லை.

"பெட்டியைத் திறக்கும்போது ஜாலியா இருக்குமா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். "திறக்கிறதுக்கு முன்னாடி இருக்கும் அத்தை. திறந்த பிறகு இருக்காது."

ஊடகத்துறையில் பட்டம் வாங்க நான் படித்த பாடங்களைப் பதின்மூன்று வயதுப் பையன் இரண்டு வரியில் சொல்லிவிட்டான்!

விளையாட்டு ஏன் இனிக்கிறது?

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வீடியோ கேம் அப்பாவின் நோக்கியா கைப்பேசியில் இருந்த பாம்பு ஆட்டம். 1997இல் நோக்கியா 6110இல் அறிமுகமாகி உலகையே கட்டிப்போட்ட ஆட்டம் அது. பாம்பு இரை தின்னத் தின்ன நீளும். நீள நீள, அதன் வாலே அதற்குத் தடையாகும். நாம் கெட்டிக்காரர் ஆக ஆக ஆட்டமும் கடினமாகும். தோற்றால் நம் மேல்தான் தப்பு என்று நமக்கே தெரியும். அதனால்தான் உடனே "இன்னொரு தடவை" என்று தோன்றும்.

மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் மலையேறுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள் போன்றோரிடம் இதைத்தான் ஆராய்ந்தார். 1975இல் நூலாகவும் எழுதினார். வேலை நம் திறமைக்கு மிக எளிதாக இருந்தால் சலிப்பு வரும். மிகக் கடினமாக இருந்தால் பயம் வரும். இரண்டுக்கும் நடுவில் சரியான உயரத்தில் இருந்தால், நேரம் போவதே தெரியாது. அந்த நிலைக்கு அவர் 'ஃப்ளோ' என்று பெயர் வைத்தார். ராஃப் கோஸ்டர் என்ற கேம் வடிவமைப்பாளர் 2004இல் எழுதிய நூலில் இன்னும் எளிமையாக்கினார்: விளையாட்டில் கிடைக்கும் இன்பம், கற்றுக்கொள்வதன் இன்பமே.

1985இல் வந்த சூப்பர் மாரியோவின் முதல் கட்டம் நினைவிருக்கிறதா? எந்த விளக்கமும் எழுதியிருக்காது. ஒரு குட்டி எதிரி நம்மை நோக்கி நடந்து வரும். சும்மா நின்றால் செத்துப்போவோம். மறுபடியும் ஆரம்பிப்போம். இந்த முறை குதிப்போம். பாடம் முடிந்தது. தோல்விக்கு ஆன செலவு சில விநாடிகள்தான். இப்படித் தவறு செய்யப் பயமில்லாத இடத்தில்தான் பிள்ளைகள் விரும்பிக் கற்கிறார்கள். வகுப்பறைகளுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது.

இதற்குக் கணினியே வேண்டாம். அம்மாவின் பல்லாங்குழியைப் பாருங்கள். வரிசைக்கு ஏழு, ஆகப் பதினான்கு குழிகள். எங்கள் வீட்டு வழக்கப்படி குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு', அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம். எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்று மனத்துக்குள் எண்ண வேண்டும். பால்மரம் வெட்டிவிட்டு வந்து, மாலையில் லயத்து வாசலில் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் ஆடுவார்கள். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத அந்தப் பெண்கள் போட்ட மனக்கணக்கு என்னால் இன்றைக்கும் முடியாது. இதற்கு உறவான சொங்காக்கை மலாய்க்கார வீடுகளிலும் ஆடுவார்கள்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளில் நம் ஊர்ப் பையன்கள் சைபர் கஃபேயில் உட்கார்ந்து டோட்டா ஆடினார்களே, அதுவும் இப்படித்தான். வார்கிராஃப்ட் 3 என்ற ஆட்டத்தின் மேல் ரசிகர்களே கட்டி, இலவசமாகப் பகிர்ந்துகொண்டது அது. விற்பதற்கு அதில் பெட்டியும் இல்லை, வைரமும் இல்லை. திறமையும் நண்பர்களும் மட்டுமே ஆளை உட்கார வைத்தன. அதன் அடுத்த வடிவமான டோட்டா 2 உலகப் போட்டியில் 2013இல் மலேசியாவின் ஆரஞ்ச் அணி மூன்றாம் இடம் பிடித்தது.

பெட்டி எங்கிருந்து வந்தது?

கடையில் காசு கொடுத்து வாங்கும் ஆட்டத்துக்கு வருமானம் ஒருமுறை வந்துவிடுகிறது. இலவசமாகக் கிடைக்கும் ஆட்டத்துக்கு நாம் திரும்பத் திரும்ப வந்தால்தான் வருமானம். ஆகவே ஆட்டம் இனித்தால் மட்டும் போதாது, விட முடியாததாகவும் இருக்க வேண்டும்.

பி.எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் எலிகளையும் புறாக்களையும் வைத்து ஆராய்ந்தது இங்கே உதவுகிறது. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் தீனி கிடைத்துப் பழகிய பிராணி, தீனி நின்றதும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் பழகியதோ, நெடுநேரம் அழுத்திக்கொண்டே இருக்கும். சூதாட்ட இயந்திரம் இந்த வழியில்தான் ஓடுகிறது. பரிசுப் பெட்டியும் அப்படியே. சில ஆட்டங்களின் பரிசுப் பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் அறிவித்தது இதனால்தான்.

அதோடு இன்னும் சில உத்திகள். தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் கணக்கு முதலிலிருந்து. 'இன்று நள்ளிரவு வரை மட்டும்' என்ற அவசரம். வெள்ளிக்குப் பதில் வைரம், ஏனென்றால் கையில் இருபது வெள்ளித் தாளைப் பார்த்தால் பையன்கூட யோசிப்பான்.

இதைச் சொல்லும்போது எனக்கும் கொஞ்சம் உறுத்துகிறது. "வெற்றியாளர் யார்? இந்தப் பாட்டுக்குப் பிறகு சொல்கிறேன், எங்கும் போயிடாதீங்க!" என்று தினமும் ஒலிவாங்கிமுன் சொல்பவள் நான். காத்திருக்க வைப்பது என் தொழிலிலும் உண்டு. ஒரு வித்தியாசம், பாட்டு முடிந்ததும் பெயரைச் சொல்லிவிடுவேன். பெட்டி அப்படிச் சொல்வதில்லை.

அம்மா ஜெயித்த ஆட்டம்

அன்று இரவு என் மடிக்கணினியில் 'வெண்பா'வைத் திறந்தேன். டொரொன்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆட்டம் இது. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா அம்மா, பாவலன் அப்பா, கவின் மகன். வெண்பாவின் தாயார் தந்த சமையல் குறிப்புப் புத்தகம் அங்கங்கே அழிந்து கிடக்கிறது. விடுபட்டதை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். சுடுவதற்குத் துப்பாக்கி இல்லை, சுட இட்லிதான் உண்டு!

பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அம்மா சும்மா எட்டிப் பார்த்தார். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று நான் திணறிக்கொண்டிருந்தேன்.

"ஒரு குழிக்கு நேர் மேல இன்னொரு குழி வந்தா ஆவி எப்படிப் போகும்? மாத்தி வை" என்றார் அம்மா.

வாழ்நாளில் வீடியோ கேம் தொடாத அறுபத்தெட்டு வயது அம்மாவைப் பையன் வாயைப் பிளந்து பார்த்தான். "பாட்டி, நீங்க ப்ரோ!"

அடுத்தடுத்த சமையலுக்கு அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தவறாகச் செய்தால் ஆட்டம் தண்டிப்பதில்லை, மறுபடி செய்யலாம். மகன் கவின் வளர வளரத் தமிழிலிருந்தும் அம்மா சமையலிலிருந்தும் விலகிப் போகும் இடங்களில் எங்கள் மூவருக்கும் பேச்சு வரவில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்துவிட்டது. மறுநாள் 'வா வா' என்று அறிவிப்பு அனுப்பவில்லை. இந்தச் சின்ன ஆட்டத்துக்குத்தான் 2024இல் பிரிட்டனின் பாஃப்டா, சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருதைக் கொடுத்தது.

"முடிஞ்சிடுச்சா?" என்றான் பையன். ஏமாற்றம்தான். ஆனால் தூங்கப் போகும்வரை பாட்டியிடம் இட்லியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

எல்லாப் பிள்ளைகளும் 'வெண்பா'தான் ஆட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அவனுடைய அணி ஆட்டத்திலும் நல்லது இருக்கிறது, அதை நானே பார்த்தேன். பிடுங்க வேண்டியது கைப்பேசியை அல்ல, பெட்டியை.

மறுநாள் வீட்டில் பேசி முடிவெடுத்தோம். இ-வாலட்டுக்குப் புதிய கடவு எண். செயலிக் கடையிலும் பணம் கட்டும் வழி பூட்டப்பட்டது. சனிக்கிழமைகளில் பையன் அப்பாவோடு போய்க் காய்கறிக் கூடை இறக்குவான், 410 வெள்ளி கழியும்வரை. தினமும் வீட்டுப்பாடம் முடிந்து இரண்டு ஆட்டம். அண்ணிக்கும் ஒரு விதி உண்டு: ஆட்டத்தின் நடுவில் "சாப்பிட வா" என்று பிடுங்கக்கூடாது. பாதியில் போனால் அணித் தோழர்களைக் கைவிட்டது போலாகும். அடுத்த ஆட்டம் தொடங்குமுன் கூப்பிட வேண்டும்.

பெற்றோரே, நேரக் கணக்கு மட்டும் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைத்தனத்தை ஒரு நோயாகப் பட்டியலிட்டிருப்பது உண்மை, 2022 முதல் அது நடப்பில் உள்ளது. ஆனால் அதற்கும் அளவுகோல் இருக்கிறது. கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே பெரிதாவது, பாதிப்பு வந்தும் நிறுத்த முடியாதது. இவை பொதுவாக ஓராண்டாவது நீடித்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் தயங்காமல் மருத்துவரிடம் போங்கள். இல்லையென்றால், முதலில் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பாருங்கள். தோற்றதும் "எங்கே தப்பு?" என்று யோசிக்கிறானா, "இந்தத் தடவையாவது விழுமா?" என்று அழுத்திக்கொண்டிருக்கிறானா? இது நமக்கும் பொருந்தும். வேலை முடிந்து எல்.ஆர்.டி.யில் தலை நிமிராமல் வரும் நம் கையில் இருப்பதும் கைப்பேசிதானே.

நேற்று அண்ணன் போன் செய்தார். காய்கறி விலை, அம்மாவின் முட்டி வலி எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார்.

"நேத்து அவன்கூட உட்கார்ந்து ஒரு ஆட்டம் பார்த்தேன். முன்னாடி நிக்கிறவன் அடி வாங்கினாத்தான் பின்னாடி இருக்கிறவங்க பிழைப்பாங்களாமே? பெரிய லோரி மாதிரிதான்."

பின்னாலிருந்து பையன் குரல் கேட்டது. "அப்பா, இன்னும் ஒரே ஒரு ஆட்டம்!"

"ரெண்டு முடிஞ்சிடுச்சு. போய்ப் படு" என்றார் அண்ணன்.